சுளுக்குன்னு உருவி விடாதீங்க! குழந்தைகளின் இடுப்பு மூட்டு காயம்: எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம், அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் பாட்டிதான். விளையாடும்போது விழுந்த பிள்ளை கால் ஊன முடியாமல் அழுதால், "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு உருவி விடுவதும் உண்டு. இடுப்பு மூட்டில் அடி என்றால் இது ஆபத்து. ஏன்?

6 மணி நேரம் முக்கியம்

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். 10 வயதுக்குள் சாதாரணமாகச் சறுக்கி விழுந்தாலே அது விலகலாம். விலகினால் எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படும். 6 மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்துவது நல்லது. தாமதமானால் அந்த எலும்பு செயலிழக்கும் அபாயம் கூடும். பிள்ளை ஆயுசுக்கும் நொண்டி நடக்க நேரலாம்.

எந்தப் படம் எதற்கு?

* எக்ஸ்-ரே: முதல் பரிசோதனை இதுதான். இரண்டு பக்க இடுப்பும் ஒரே படத்தில் தெரிவதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட்டைப் பொருத்துவார்கள்.

* அல்ட்ராசவுண்ட்: மூட்டுக்குள் ரத்தமோ நீரோ தேங்கியிருந்தால் காட்டும். கதிர்வீச்சு கிடையாது.

* எம்ஆர்ஐ: குழந்தைகளின் மூட்டில் குருத்தெலும்பு அதிகம். அது எக்ஸ்-ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். பொருத்திய பிறகு உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். இதற்காகக் காத்திருந்து மூட்டைப் பொருத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது.

* சிடி ஸ்கேன்: உடைந்த எலும்புத் துண்டுகளைத் தெளிவாகக் காட்டும். கதிர்வீச்சு அதிகம் என்பதால் தேவைப்பட்டால் மட்டும்.

முழங்கால் வலின்னு சொன்னாலும்...

இடுப்பில் பிரச்சினை இருந்தாலும் பிள்ளைகள் முழங்காலைத்தான் காட்டுவார்கள். முழங்கால் எக்ஸ்-ரே நார்மல் என்றாலும் நொண்டல் தொடர்ந்தால், இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. 10 முதல் 16 வயதுக்குள், குறிப்பாக உடல் எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை மெல்ல மெல்ல நழுவும் நோயும் வரலாம்.

உடனே என்ன செய்யணும்?

* காலை இழுக்கவோ நடக்க வைத்துப் பார்க்கவோ கூடாது. பைக்கில் உட்கார வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.
* மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீங்க.
* எத்தனை மணிக்கு விழுந்தான் என்று குறித்து வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காசுக்கு யோசித்து நேரத்தை விட்டுடாதீங்க.