பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான வீதித் தூரமோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சென்னை அத்தனை அண்மையில் இருந்தது. ஆயினும் அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைத் தீர்மானித்தது விமானத்தின் வேகமன்று. அரசியலே என்பதுதான் வரலாறு கூறும் உண்மை.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் தரித்து, சென்னையைச் சென்றடைந்தது. இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கியதே யாழ்ப்பாணத்தின் ஊடாகத்தான் என்பதை இன்றைய தலைமுறையினர் பலர் அறியார். அது ஒரு டக்கோட்டா விமானம். அதன் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் போதுமானது. சென்னைக்குப் போய்ப் புடைவை வாங்கி, படமும் பார்த்துத் திரும்பிய கதைகளை எமது மூத்தோர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

1970களின் இறுதியில் அச்சேவை நின்றது. 1979இல் எயார் சிலோனின் இடத்திற்கு எயார் லங்கா வந்தது. அதன்பின் போர் மூண்டது. 1990இல் யாழ்ப்பாணத்திற்கான புகையிரதமும் நின்றுபோயிற்று. ஏ-9 வீதி மூடப்பட்டது. கிளாலிக் கடலைப் படகில் கடந்தும், பின்னர் திருகோணமலைக்குக் கப்பலேறியும் மக்கள் கொழும்பை அடைந்தனர். அதற்கும் அனுமதி பெற்றாக வேண்டும். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர்.

இக்காலத்தில் சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவரின் நிலையைத் தேசப்படத்தில் பாருங்கள். கட்டுநாயக்கா, பலாலி, சென்னை ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. வடக்கே செல்ல வேண்டியவர் முதலில் தெற்கே செல்ல வேண்டும். பின்னர் கட்டுநாயக்காவிலிருந்து சுமார் 650 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டும். 355 கிலோமீற்றர் பயணம் ஆயிரத்தைத் தாண்டியது. ஒன்றரை மணி நேரம் நாட்களாகவும், சிலருக்கு வாரங்களாகவும் நீண்டது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் இணைந்துகொண்டது. இவ்விமானங்களின் பயண நேரமும் ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரமே. டக்கோட்டா காலத்திலிருந்து பெரிதாக எதுவும் குறையவில்லை!

இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இவ்வோடுபாதையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்தோரை மறத்தலாகாது. 2019இல் சென்னை விமானம் பலாலியில் இறங்கியபோது, அவர்களுள் பலரது காணிகள் இன்னமும் உயர் பாதுகாப்பு வலயத்தினுள்ளேயே கிடந்தன. சென்னைக்கான தூரம் மீண்டும் ஒன்றரை மணி நேரமாயிற்று. ஆனால் கூப்பிடு தொலைவிலுள்ள தம் வீட்டை அடைய அவர்களுக்கு மூன்று தசாப்தங்களும் போதவில்லை.