இரண்டாம் மொழியின் கதை



வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் நம் விவேக் நகரில் ஒரே பேச்சுத்தான். வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்தின் முன் கூடும் பெருங்கூட்டத்திலும், ஆஸ்டின் டவுன் கடைத்தெருவிலும், ஈஜிபுரம் செல்லும் பேருந்திலும் தமிழர் ஒருவரையொருவர் கண்டால் வினவுவது, “பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது? மொழி என்ன எடுத்தான்?” என்பதே. முதல் வினாவிற்கு விடை மதிப்பெண்ணிலும் பணத்திலும் அடங்கியிருக்கின்றது. அதனை நாம் எழுதப் புகவில்லை. இரண்டாம் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

கல்லூரி விண்ணப்பத் தாளில் ‘மொழிப்பாடம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு சொல் எழுதும் அளவே அதில் இடம். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ச் சேர்ந்தோம். மாணவராய்க் கல்லூரிப் படி ஏறியதில்லை. ஆயினும் நாள் முழுதும் தாள்களோடு பழகுவோர்க்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கட்டத்தைக் கண்டாலும், ‘இதனை முதலில் வரைந்தவர் யார்? எதற்காக வரைந்தார்?’ என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு கேட்கப் புகுந்தபோது நமக்குக் கிடைத்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தோன்றிற்று. இலண்டன் பல்கலைக்கழகமே அதற்கு மாதிரி. அந்நாளில் அது பாடம் நடத்திய இடம் அன்று; தேர்வு நடத்திய இடம். அதனுள் நுழைவதற்கு மெட்ரிகுலேஷன் என்னும் தேர்வு ஒன்று வைத்தனர். ஆங்கிலத்தில் தேறவேண்டும், அதனோடு இன்னொரு மொழியிலும் தேறவேண்டும். சீமையில் இலத்தீனும் கிரேக்கமும் வீற்றிருந்த இடத்தில் இங்கே வடமொழி, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவற்றுள் ஒன்றையும் கொள்ளலாம் என விதித்தனர். ‘இரண்டாம் மொழி’ என்னும் பெயர் இவ்வாறு வழக்கிற்கு வந்தது. தமிழ்நாட்டில் தமிழுக்கு இரண்டாம் இடமா என்று இன்று நமக்குச் சினம் எழலாம். அந்த இரண்டாம் இடமும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் கற்றாரையே முதற்கண் எடுப்பது என்று 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு காலத்திலேயே ஆணை பிறந்துவிட்டது. அதன் பின் வயிற்றுப்பாட்டிற்காகத் தமிழ் படிப்பவர் யாவர்?

அப்பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவர். சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை என்னும் அவ்விருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்விக்கூடத்தில் பயின்றோர். கடல் கடந்து வந்த தமிழரே சென்னையின் முதற் பட்டதாரிகள் ஆயினர் என்பது, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குச் சற்றே நெஞ்சு நிமிரத் தக்க செய்தி. தாமோதரம் பிள்ளை பட்டத்தோடு நின்றாரா? அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஏடு தேடினார். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றை 1881 முதல் 1887 வரையிலான ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாய் அச்சேற்றினார். கணக்கு எழுதுவோர்க்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு என்று நம்மை நகைக்கும் அலுவலக நண்பர்க்கு நாம் இவரைத்தான் சுட்டுவது வழக்கம்.

தேர்வுக்குத் தமிழ் வேண்டும் என்றதும் பாடநூல் வேண்டியதாயிற்று. கற்பிக்கப் புலவர் வேண்டியவராயினர். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் பவர் பாதிரியார் அச்சிட்டது பி.ஏ. மாணவர் பொருட்டே. கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் வகித்த தமிழ்ப் பண்டிதர் பதவி 1880-இல் உ. வே. சாமிநாதையருக்குக் கிட்டிற்று. அவ்வூரில் இருந்தபோதுதான் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சிந்தாமணியின்பால் திருப்பினார். 1887-இல் நூல் முழுதும் வெளிவந்தது. தேர்வு விதியே தமிழைக் காத்தது என்று நாம் சொல்லமாட்டோம். பித்தர்போல் ஏட்டின் பின் அலைந்த பெரியோரே காத்தனர். ஆனால் அவ்விதி இல்லையேல் அவருட் சிலர்க்கு மாதச் சம்பளமும் மாணவர் கூட்டமும் இருந்திரா என்பது மட்டும் உறுதி.

இனி, இடையூறு வந்த கதையைக் கூறுவோம். 1902-ஆம் ஆண்டளவில், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கிவிட்டு அவ்விடத்தில் வடமொழியை வைக்கலாம் என்னும் கருத்து எழுந்தது. செம்மொழிகளே பல்கலைக்கழகத்திற்கு உரியன, தாய்மொழிகள் வீட்டிற்கும் சந்தைக்கும் போதும் என்பது அதன் உட்பொருள். சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வி. கோ. சூரியநாராயண சாத்திரியாரும், ‘ஞானபோதினி’யில் அவரோடு உழைத்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் இதனை எதிர்த்து ஊர் ஊராய் ஆதரவு திரட்டினர். மதுரையில் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும் துணை நின்றது. தமிழ் நீங்கவில்லை. சாத்திரியார் வெறுங் கூச்சலால் வாதிட்டவர் அல்லர். ‘செம்மொழிக்குத்தான் இடம் எனின், தமிழே உயர்தனிச் செம்மொழி’ என்பது அவர் நிலை. 1903-இல் வெளிவந்த ‘தமிழ் மொழியின் வரலாறு’ என்னும் நூலில் அதனை நிறுவினார். அவ்வாண்டு நவம்பரிலேயே, 33-ஆம் வயதில், மறைந்தார். இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது 2004 அக்டோபரில். ஒரு கட்டத்திற்கு மறுமொழி வர நூறாண்டு! நம் அலுவலகக் கோப்புகளும் தோற்றன.

வென்றபின் நிம்மதி உண்டா எனின், அதுவும் இல்லை. கர்சன் பிரபு 1904-இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் கொணர்ந்தார். அதன் வழியே சென்னையில் வகுத்த புதிய விதிகளில், இண்டர்மீடியட் வகுப்பில் தாய்மொழி என்பது கட்டுரை வரைதலும் மொழிபெயர்த்தலும் என்ற அளவிற்குச் சுருங்கிற்று. இலக்கியம் விருப்பப்பாடமாய் ஒதுங்கிற்று. வாயிலில் துரத்தப்படாத விருந்தினரைத் திண்ணையில் உட்கார வைத்தது போலாயிற்று.

மொழிக் கட்டாயம் நம் நாட்டிற்கு மட்டும் உரிய தொல்லை என்று கருதற்க. கேம்பிரிட்ஜில் எந்தப் பாடம் பயில வருவோனும் கிரேக்கம் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் விதி 1919 வரையிலும், ஆக்ஸ்போர்டில் 1920 வரையிலும் இருந்தது. இலத்தீன் விதி 1960 வரை நீடித்தது.

நம் ஊருக்கு வருவோம். 1809-இல் பாளையம் அமைந்தபின் வடார்க்காட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் தமிழர் திரளாக இங்கே குடியேறினர். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் ஏழைப் பிள்ளைகட்கு இலவசப் பள்ளி கண்டார். பாளையம் ஆங்கில ரெசிடெண்டின் ஆட்சியில். பேட்டை மைசூர் மன்னர் ஆட்சியில். 1947 ஜூலையில்தான் பாளையம் மைசூரோடு சேர்ந்தது. ஓர் ஊரில் ஈராட்சி, இரு மொழி. 1858-இல் பள்ளியாய்த் தொடங்கிப் பின்னர் வளர்ந்த சென்ட்ரல் கல்லூரியின் மாணவரும் சென்னைத் தேர்வையே எழுதிவந்தனர். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அந்தத் தொடர்பு அறுந்தது.

இம்மண்ணில் தமிழ் வீட்டில் பிறந்தவர் கன்னடத்திற்கு அயலார் ஆனாரா? மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசியவர்; சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், எழுதியதோ கன்னடம். 1983-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு அவரைத் தேடி வந்தது. கன்னட நாடகத்தைப் புரட்டிப்போட்ட டி. பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்தவரே. இவர்களை இழந்தோம் என்று சிலர் வருந்துவர். நாம் வருந்துவதில்லை.

இருப்பினும் மனம் கலங்கிய காலம் ஒன்று இருந்தது. வி. கி. கோகாக் தலைமையிலான குழு 1981-இல் தந்த அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே முதல் மொழி ஆதல் வேண்டும் என்றது. நடிகர் ராஜ்குமார் முன்னின்று நடத்திய கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று. 1982-இல் அரசு அவ்வாறே ஆணையிட்டது. மொழிச் சிறுபான்மையோர் வழக்காடினர். 1989 சனவரியில் உயர்நீதிமன்ற முழு அமர்வு, சிறுபான்மையோரை அங்ஙனம் கட்டாயப்படுத்துதல் அரசமைப்பிற்கு ஒவ்வாது என்றது. அவ்வாண்டு ஜூனில் வந்த புதிய ஆணையில் தமிழும் முதல் மொழிகளின் வரிசையில் இடம் பெற்றது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. பின்னர் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தே தீரவேண்டும். இதில் குறை கூற நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்ணும் சோறு விளையும் நிலத்தின் மொழியை நம் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் அறிதல் நன்றே. கல்லூரிக்கும் அதனை நீட்டி அரசு 2021-இல் பிறப்பித்த ஆணைகளை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இடைக்காலமாய் நிறுத்தி வைத்தது.

பொறியியல் கல்லூரிகளின் ஏற்பாடு சுவையானது. கன்னடம் அறிந்தோர்க்குச் ‘சாம்ஸ்கிருதிக கன்னட’ என்று இலக்கியப் பாடம். அறியாதோர்க்குப் ‘பளகெ கன்னட’ என்று பேச்சுப் பாடம். ஏற்பாடு நல்லதே. ஆனால் யார் அறிந்தோர், யார் அறியாதோர் என்று பிரிப்பது எங்ஙனம்? நம் மைத்துனர் மகன் இதே விவேக் நகரில் பிறந்து, பள்ளியில் பத்தாண்டு கன்னடம் பயின்றவன். ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது தாளில் ‘தாய்மொழி தமிழ்’ என்று எழுதினான். அவ்வளவே, பீகாரிலிருந்து முந்தின வாரம் வந்திறங்கிய பிள்ளைகளோடு அவனையும் அமர்த்திவிட்டனர். “நன்ன ஹெசரு” என்று மற்றவர் தட்டுத்தடுமாறும்போது இவன் ஆசிரியரிடம் மடமடவென்று பேச, அவர், “நீ எந்த ஊரப்பா?” என்று வியந்தாராம். மேல் வகுப்பிற்கு மாறலாமே என்றோம். “மாமா, இங்கேயே இருந்தால் மதிப்பெண் சும்மா வரும்” என்றான். நாம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

தாய்மொழியைக் கொண்டு தரம் பிரிப்பது எமக்குப் புதிதன்று. நடுவண் அரசு ஊழியர்க்கு இந்திப் பயிற்சி உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் தாய்மொழியாயின் ‘பிரபோத்’ என்னும் அடிவகுப்பு. மராத்தி, குஜராத்தி, வங்காளம் போன்றன ஆயின் நேரே ‘பிரவீண்’. உருது, பஞ்சாபி ஆயின் ‘பிராக்ஞ்’. நாம் பிரபோத்தில் தொடங்கினோம். எம் மேசைக்கு எதிர் மேசை நண்பரும் தமிழரே. அவர் கரக்பூர்ச் சந்தைகளில் வளர்ந்து இந்தியில் கனாக் காண்பவர். அவரும் எம்மோடு அகரத்திலிருந்து எழுதினார்!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வேறு முறை. பட்டம் பெற வேற்று மொழி ஒன்று கற்றாக வேண்டும் என்பார். ஆனால் சேர்ந்தவுடன் ஒரு தேர்வு வைத்து, மாணவன் அறிந்த அளவு நோக்கி முதற்படியிலோ மூன்றாம் படியிலோ அமர்த்துவார். முழுதும் அறிந்தவனாயின் பாடத்தினின்றே விலக்கும் கிடைக்கலாம். பெர்க்கிலி, சிக்காகோ, பென்சில்வேனியா ஆகிய இடங்களில் தமிழும் கற்பிக்கப்படுகின்றது. வீட்டில் தமிழ் கேட்டுப் புரிந்துகொண்டு எழுத்தறியாது வளர்ந்த நம்மவர் பிள்ளைகளை எந்தப் படியில் அமர்த்துவது என்பது அங்கும் எளிதன்று. காதில் தமிழ் நிறைந்து கையில் தமிழ் இல்லாத பிள்ளைகள் விவேக் நகரிலும் எத்தனை பேர்!

இங்கே பி.யு.சி. வகுப்பில் இரு மொழி எடுக்கலாம். அவற்றுள் தமிழும் ஒன்று. சட்டம் இடம் தருகின்றது. நீதிமன்றம் இடம் தந்தது. சாத்திரியார் உயிரைக் கரைத்து இடம் காத்தார். எனினும் நம் பெற்றோர் பலர் மதிப்பெண் எளிதில் வரும் என்று வடமொழியையோ பிரெஞ்சையோ எழுதிவிடுகின்றனர். அம்மொழிகள் மேல் நமக்குப் பகை இல்லை. ஆனால் போதிய பேர் சேராவிடில் தமிழ் வகுப்பை மூடிவிடுவர். மூடிய வகுப்பைத் திறக்க வைப்பது, நின்றுபோன வண்டியை மீண்டும் ஓட்ட வைப்பதினும் கடினம். அதனை நாம் அலுவலகத்தில் கண்டிருக்கின்றோம்.

நம் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேறினாள். தமிழ் முதல் மொழி, கன்னடம் இரண்டாம் மொழி, இரண்டிலும் குறைவில்லை. சென்ற வாரம் அவளோடு ஒரு கல்லூரிக்குச் சென்று, அந்தக் கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதித் தந்தோம். தாளை வாங்கிய எழுத்தர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, இதுவரை அறுவரே சேர்ந்துள்ளனர், பதின்மர் இருந்தால்தான் வகுப்பு நடக்கும், சேர்க்கை முடியும் வரை பார்ப்போம் என்றார். இன்னும் நால்வர் வேண்டும். இம்மலரைப் படிக்கும் அன்பர் வீட்டில் இவ்வாண்டு பி.யு.சி. சேரும் பிள்ளை இருப்பின், சங்க அலுவலகத்தில் பெயரைச் சொல்லி வைத்தால் போதும். மாலை ஆறு மணிக்குமேல் நாம் அங்கேதான் இருப்போம்.