கையடக்கத் தொலைவுமானி ஒளிப்படக்கருவி

கையடக்கத் தொலைவுமானி ஒளிப்படக்கருவி என்பது, மேலங்கிப் பையில் வைத்து எடுத்துச் செல்லக்கூடிய அளவில் அமைந்ததும், தொலைவுமானியின் உதவியுடன் குவியப்படுத்தப்படுவதுமான படச்சுருள் ஒளிப்படக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது சிறிய ரேஞ்ச்பைண்டர் கேமரா எனப்படுகின்றது. இவ்வகைக் கருவிகளுள் பெரும்பாலானவை 35 மிமீ படச்சுருளைப் பயன்படுத்துகின்றன. இவற்றுட் பல, ஒளியூட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே தீர்மானிப்பவை. ஷட்டர் வேகம், வில்லைத் துளை ஆகிய இரண்டையும் பயனரே அமைத்துக்கொள்ளக்கூடிய கருவிகள் சிலவே உள்ளன.

சிறிய அளவு, தொலைவுமானி, கைமுறைக் கட்டுப்பாடு, எந்நேரமும் பயன்படும் ஒளிமானி ஆகிய நான்கையும் ஒரே கருவியில் குறைவின்றி அமைப்பது கடினம். இதனால் ஒவ்வொரு வடிவமைப்பிலும் இவற்றுள் ஏதோவொன்று விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது. எந்த வசதி இல்லாமலும் படம் எடுக்க இயலும் என்பதை முதலில் தீர்மானிப்பதே இவ்வகைக் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கான அடிப்படை ஆகும்.

தொலைவுமானி செயற்படும் முறை

தொலைவுமானியில் ஒன்றுக்கொன்று சற்று விலகி அமைந்த இரண்டு சாளரங்கள் உள்ளன. ஒரு சாளரத்தின் வழியாக வரும் காட்சியின் மீது, மற்றைய சாளரத்தின் வழியாக வரும் காட்சி அரைவெள்ளி பூசிய கண்ணாடியொன்றின் மூலம் படிய வைக்கப்படுகின்றது. வில்லையின் குவிய வளையத்தைச் சுழற்றும்போது இரண்டாவது காட்சி பக்கவாட்டில் நகரும். இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையில் வில்லை அப்பொருளின் மீது குவியப்படுத்தப்பட்டிருக்கும். இவ்வாறு தொலைவுமானியும் வில்லையும் ஒன்றாக இயங்குமாறு அமைக்கப்பட்டவை இணைக்கப்பட்ட தொலைவுமானிகள் எனப்படும்.

இரண்டு சாளரங்களுக்கும் இடையிலான தூரம் அடித்தளநீளம் எனப்படும். இதனைக் காட்சிச் சாளரத்தின் உருப்பெருக்கத்தால் பெருக்கக் கிடைப்பது பயனுறு அடித்தளநீளம் ஆகும். இது கூடும்போது அளவீட்டின் நுட்பமும் கூடும். எடுத்துக்காட்டாக, லைக்கா எம்3 கருவியின் அடித்தளநீளம் 68.5 மிமீ, உருப்பெருக்கம் 0.91, எனவே பயனுறு நீளம் ஏறத்தாழ 62 மிமீ. அளவிற் சிறிய லைக்கா சிஎல் கருவியில் இவை முறையே 31.5 மிமீ, 0.60 என்பதால் பயனுறு நீளம் ஏறத்தாழ 19 மிமீ மட்டுமே. கருவியின் உடல் சிறுக்கும்போது தொலைவுமானியின் நுட்பமும் குறைகின்றது என்பதை இது காட்டுகின்றது. எனினும் 35 முதல் 42 மிமீ வரையிலான குவியத்தூரம் கொண்ட வில்லைகளுக்குக் குறுகிய அடித்தளநீளமும் பெரும்பாலும் போதுமானது.

வரலாறு

இணைக்கப்பட்ட தொலைவுமானி 1916-ஆம் ஆண்டில் வெளிவந்த கோடாக் 3ஏ ஆட்டோகிராபிக் ஸ்பெஷல் கருவியில் இடம்பெற்றது. 1925-இல் ஓஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா விற்பனைக்கு வந்தது. 1932-இல் வெளிவந்த இரண்டாவது லைக்கா மாதிரியில் இணைக்கப்பட்ட தொலைவுமானி சேர்க்கப்பட்டது. 1934-இல் செருமனியில் தயாரிக்கப்பட்ட கோடாக் ரெட்டினா, 135 எனப்படும் படச்சுருள் உறையை அறிமுகப்படுத்தியது. மடித்து மூடக்கூடிய வில்லையைக் கொண்ட ரெட்டினா வரிசையில், 1951-இல் வந்த ரெட்டினா 2ஏ கருவி இணைக்கப்பட்ட தொலைவுமானியையும் எஃப்/2 வில்லையையும் ஒருங்கே கொண்டிருந்தது. ஆயினும் அதில் ஒளிமானி இல்லை.

1966-இல் ஐன்சு வாசுகே வடிவமைத்த ரோலை 35 வெளிவந்தது. 35 மிமீ கருவியொன்றை எவ்வளவு சிறிதாக்க முடியும் என்பதை அது உணர்த்தியது. 1970-களில் சப்பானிய நிறுவனங்கள் பல சிறிய தொலைவுமானிக் கருவிகளை வெளியிட்டன. 1977-இல் கோனிக்கா சி35 ஏஎஃப் என்னும் தானியங்கிக் குவியக் கருவி விற்பனைக்கு வந்தது. அதன்பின், பயனரே காட்சிகளைப் பொருத்திக் குவியப்படுத்தும் சிறிய கருவிகளுக்கான சந்தை சுருங்கியது. ஆகவே இவ்வகைக் கருவிகளைப் பெற விரும்புவோர் பெரும்பாலும் பழைய கருவிகளையே நாட வேண்டியுள்ளது.

குறிப்பிடத்தக்க கருவிகள்

ரோலை 35 (1966): இதன் எடை ஏறத்தாழ 370 கிராம். வில்லை 40 மிமீ எஃப்/3.5 டெசார், பயன்படுத்தாதபோது உடலினுள் தள்ளிவைக்கலாம். ஷட்டர் வேகம், துளை இரண்டும் கைமுறையில் அமைக்கப்படுபவை. ஷட்டர் மின்கலமின்றி இயங்கும். ஒளிமானியும் உண்டு. ஆனால் தொலைவுமானி இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அளவுகோலில் அமைக்க வேண்டும்.

ஒலிம்பஸ் 35 ஆர்சி (1970): இதன் வில்லை 42 மிமீ எஃப்/2.8, எடை ஏறத்தாழ 410 கிராம். தொலைவுமானியும், 1/15 முதல் 1/500 நொடி வரையிலான ஷட்டர் வேகங்களும் உள்ளன. பயனர் வேகத்தைத் தெரிவுசெய்யத் துளையைக் கருவி தீர்மானிக்கும் தானியங்கி முறையும், இரண்டையும் பயனரே அமைக்கும் கைமுறையும் உண்டு. கைமுறையில் ஒளிமானி செயற்படாது. ஆனால் மின்கலம் இல்லாமலும் படம் எடுக்கலாம்.

கேனன் கேனோனெட் கியூஎல்17 ஜி-3 (1972): இதன் வில்லை 40 மிமீ எஃப்/1.7. குறைந்த ஒளியில் மிகப் பயனுள்ளது. கைமுறைக் கட்டுப்பாடும் உண்டு. அந்நிலையில் ஒளிமானி செயற்படாது. ஏறத்தாழ 620 கிராம் எடை கொண்ட இக்கருவி, பையில் வைப்பதற்குச் சற்றுப் பெரியது.

லைக்கா சிஎல் (1973): லைட்சு நிறுவனமும் மினோல்ட்டா நிறுவனமும் இணைந்து உருவாக்கியது. வில்லையை மாற்றக்கூடியது. வேகம் 1/2 முதல் 1/1000 நொடி வரை. வில்லையின் வழியாக வரும் ஒளியை அளக்கும் ஒளிமானி, கைமுறையில் செயற்படுகின்றது. உடலின் எடை 400 கிராமிற்கும் குறைவு. எனினும் வில்லை மடிவதில்லை என்பதால் கருவியின் தடிப்பு கூடுகின்றது.

ஒலிம்பஸ் எக்ஸ்ஏ (1979): யோசிஹிசா மைத்தானி வடிவமைத்தது. எடை ஏறத்தாழ 225 கிராம் மட்டுமே. வில்லை 35 மிமீ எஃப்/2.8, குவியப்படுத்தும்போது வெளியே நீளாது. நழுவும் மூடி வில்லையைக் காக்கின்றது. தொலைவுமானி உண்டு. துளையைப் பயனர் தெரிவுசெய்யலாம். ஷட்டர் வேகத்தைக் கருவியே தீர்மானிக்கும். மின்கலம் இல்லையேல் ஷட்டர் இயங்காது.

தொலைவுமானியின் தேவை

தொலைவுமானி எப்போது இன்றியமையாதது என்பதைப் புல ஆழத்தைக் கொண்டு அறியலாம். 40 மிமீ வில்லையை எஃப்/8 துளையில் 3 மீட்டருக்குக் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 2.1 மீட்டர் முதல் 5.4 மீட்டர் வரையுள்ளவை தெளிவாகப் பதியும். இங்கு தூரத்தை மதிப்பிடுவதில் அரை மீட்டர் பிழை நேர்ந்தாலும் படம் கெடாது. பகல் வெளிச்சத்தில் தெருக்காட்சிகளை எடுப்பவருக்கு ரோலை 35 போன்ற கருவி போதுமானது.

அதே வில்லையை எஃப்/3.5 துளையில் 1.5 மீட்டருக்குக் குவியப்படுத்தினால், தெளிவாகப் பதியும் பகுதி ஏறத்தாழ 30 செமீ ஆகக் குறைகின்றது. எஃப்/1.7 துளையில் இது ஏறத்தாழ 14 செமீ மட்டுமே. விளக்கொளியில் அருகிலுள்ள ஒருவரின் முகத்தைப் படமெடுக்கக் கண்மதிப்பு போதாது. இத்தகைய படங்களை அடிக்கடி எடுப்பவருக்குத் தொலைவுமானி தேவை.

கைமுறைக் கட்டுப்பாடும் ஒளிமானியும்

கைமுறையில் ஒளிமானி செயற்படாமை பெருங்குறையாகத் தோன்றினும், அதனை ஈடுசெய்ய முடியும். தெளிந்த வெயிலில் எஃப்/16 துளையும், படச்சுருளின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அண்மையான பின்ன வேகமும் பொருந்தும் என்பது ஒளிப்படக்கலையில் நன்கறியப்பட்ட விதி. ஐஎஸ்ஓ 100 படச்சுருளுக்கு இது எஃப்/16, 1/125 நொடி ஆகும். முகில் மூடிய வானத்திற்கும் நிழலுக்கும் துளையைப் படிப்படியாகத் திறந்துகொள்ளலாம். கையில் ஏந்தும் தனி ஒளிமானியையும் பயன்படுத்தலாம். ஆனால், ஷட்டர் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் கருவியில் பயனர் விரும்பிய வேகத்தை நேரடியாக அமைக்க வழியில்லை. ஒலிம்பஸ் எக்ஸ்ஏ கருவியில் படச்சுருள் உணர்திறன் எண்ணை மாற்றுவதன் மூலம் ஒளியூட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே இயலும்.

மின்கலச் சிக்கல்

1960-களிலும் 1970-களிலும் வந்த கருவிகளின் ஒளிமானிகள் பல, 1.35 வோல்ட்டு பாதரச மின்கலத்திற்கென அமைக்கப்பட்டவை. பாதரசம் நச்சுத்தன்மை உடையது என்பதால் இம்மின்கலங்களின் விற்பனை பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1996-இல் இயற்றப்பட்டது. அவற்றிற்குப் பதிலாக 1.5 வோல்ட்டு கார மின்கலத்தை இட்டால், ஒளிமானி பொதுவாக ஒளியை மிகையாகக் காட்டும். படம் குறைந்த ஒளியூட்டம் பெறும். அத்துடன் கார மின்கலத்தின் மின்னழுத்தம் பயன்பாட்டின்போது படிப்படியாகக் குறைவதால், பிழையின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். காது கேட்கும் கருவிகளில் பயன்படும் 1.4 வோல்ட்டு துத்தநாக-காற்று மின்கலம் நெருக்கமான மாற்று ஆகும். ஆனால் அது சில மாதங்களுக்குள் செயலிழந்துவிடும். ஒலிம்பஸ் எக்ஸ்ஏ எளிதிற் கிடைக்கும் சில்வர் ஆக்சைடு மின்கலங்களைப் பயன்படுத்துவதால், அதற்கு இச்சிக்கல் இல்லை.

பழைய கருவியைச் சோதித்தல்

பழைய கருவியொன்றை வாங்குமுன் பின்வருவன சோதிக்கப்பட வேண்டும்.

* தொலைவுமானி: தொலைவிலுள்ள கோபுரம் அல்லது கட்டடத்தை நோக்கி, குவிய வளையத்தை முடிவிலிக் குறியில் வைக்கும்போது இரண்டு காட்சிகளும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அரைவெள்ளிப் பூச்சு மங்கியிருப்பின் இரண்டாவது காட்சி கண்ணுக்குப் புலப்படாது.
* ஷட்டர்: பின்கதவைத் திறந்து எல்லா வேகங்களையும் இயக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெய் படிந்த ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். குறைந்த வேகங்களில் இக்குறை எளிதில் தெரியவரும்.
* ஒளித்தடுப்புப் பஞ்சு: பின்கதவின் விளிம்பிலுள்ள பஞ்சு காலப்போக்கில் பிசுபிசுப்பாகிச் சிதையும். இதனூடாக ஒளி புகுந்து படச்சுருளைக் கெடுக்கும். இதனை மாற்றுவது எளிது.
* மின்கல அறை: கசிந்த மின்கலத்தால் அரிப்பு ஏற்பட்டிருப்பின் ஒளிமானி இயங்காமற் போகலாம்.
* வில்லை: கைவிளக்கின் ஒளியில் பார்த்தால் பூஞ்சையும் மங்கலும் தெரியும். ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் பூஞ்சை பொதுவாகக் காணப்படுகின்றது.

தேர்வு

பெரும்பாலும் பகலில், சில மீட்டர் தொலைவிலுள்ளவற்றைப் படமெடுப்பவர் தொலைவுமானியை விட்டுக்கொடுத்து ரோலை 35 கருவியைத் தெரிவுசெய்யலாம். எப்போதும் உடன் வைத்திருக்கும் கருவியை வேண்டுபவர் ஷட்டர் வேகக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்து ஒலிம்பஸ் எக்ஸ்ஏ கருவியை நாடலாம். குறைந்த ஒளியில் படமெடுப்பவருக்குக் கேனோனெட்டின் எடையும், கைமுறையிலும் ஒளிமானி வேண்டுபவருக்கு லைக்கா சிஎல் கருவியின் தடிப்பும் ஏற்கத்தக்கவை.

தொலைவுமானியும் முழுக் கைமுறைக் கட்டுப்பாடும் சிறிய உடலில் வேண்டும் என்போருக்கு இவற்றுள் நெருக்கமாகப் பொருந்துவது ஒலிம்பஸ் 35 ஆர்சி ஆகும். அதன் ஒளிமானி பழுதடைந்தாலும் ஷட்டரும் தொலைவுமானியும் தொடர்ந்து செயற்படும். ஒளியை மதிப்பிடப் பழகும் மாணவர்களுக்கும் இது ஏற்றது.

இவற்றையும் பார்க்க

* ஒளிப்படவியல்
* குவியத்தூரம்
* புல ஆழம்
* ஒளிமானி