கரையும் சலுகையும்: லண்டன் கப்பல்துறை நிலத்தின் இருநூறு ஆண்டுகள்

லண்டனின் கிழக்குப் பகுதியில் தேம்ஸ் ஆறு பெரிய வளைவாகத் திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தாழ்நிலம் ஒன்று இருக்கிறது. ஐல் ஆஃப் டாக்ஸ் என்பது அதன் பெயர். கேனரி வார்ஃப் என்று உலகம் அறிந்த அலுவலகக் கோபுரங்கள் அங்கேதான் நிற்கின்றன. உலகின் எந்தத் துறைமுக நகரம் தன் பழைய கரையில் புதிய அலுவலகங்கள் கட்ட நினைத்தாலும் இந்த இடத்தையே முன்மாதிரியாகக் காட்டுகிறது. தண்ணீரை ஒட்டிய நிலம், துணிச்சலான முதலாளி, வானளாவிய கட்டடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மதிப்பு தானே பிறக்கும் என்பது அந்த முன்மாதிரியிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம். வரலாறு தரும் பாடம் வேறு. இந்த நிலம் இரண்டு முறை பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கிறது. இரண்டு முறையும் அந்தச் செல்வத்தைத் தொடங்கிவைத்தது, காலக்கெடுவுடன் சட்டம் வழங்கிய ஒரு சலுகை. இரண்டு முறையும் பழைய நகரம் எதிர்த்து நின்று அந்தச் சலுகையின் பலனைக் கரைத்தது. கெடு முடிந்த பிறகு நிலத்தைத் தாங்கியதோ தாங்காமல் விட்டதோ, அங்கே போய்ச்சேரும் பாதைதான்.

முதல் முறையைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனுக்கு வந்த வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பகுதியை, லண்டன் பாலத்துக்கும் டவர் கோட்டைக்கும் இடைப்பட்ட குறுகிய கரையில் சுங்க அதிகாரிகள் முன்னிலையில்தான் இறக்க முடிந்தது. கப்பல்கள் ஆற்றின் நடுவே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. சரக்கு தோணிகளில் கரைசேரும் முன்பே திருட்டில் ஒரு பங்கு போனது. இதனால் அதிகம் அடிபட்டவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வணிகர்கள். அவர்களில் முன்னணியில் நின்ற ராபர்ட் மில்லிகன் ஜமைக்காவில் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்தவர். அவர்கள் 1799இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தைப் பெற்று, ஐல் ஆஃப் டாக்ஸின் சதுப்பு நிலத்தை வெட்டி, உயர்ந்த மதிலும் கிடங்குகளும் கொண்ட கப்பல்துறையை 1802இல் திறந்தார்கள். அதுதான் வெஸ்ட் இந்தியா டாக்ஸ். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரே விதிதான்: லண்டனுக்கு வரும் மேற்கிந்தியச் சர்க்கரையும் ரம்மும் காப்பியும் 21 ஆண்டுகளுக்கு இந்தத் துறையில் மட்டுமே இறங்க வேண்டும். அதே வகையான சலுகையோடு 1806இல் பக்கத்திலேயே கிழக்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கொண்டுவந்த சரக்கு அங்கே இறங்கியது. ஏகபோகம் இருந்தவரை வெஸ்ட் இந்தியா நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குச் சட்டம் அனுமதித்த உச்ச ஈவான 10 சதவீதத்தைத் தவறாமல் கொடுத்தது.

1823இல் கெடு முடிந்தது. நிறுவனம் நீட்டிப்புக் கேட்டது, நாடாளுமன்றம் மறுத்தது. அதன் பிறகு நடந்ததுதான் நம் வாதத்துக்கு முதல் சான்று. டவர் கோட்டையின் அருகிலேயே, நகரத்தின் வணிகர்களுக்குக் கூப்பிடு தூரத்தில், 1828இல் செயின்ட் கேதரின் கப்பல்துறை திறந்தது. அதற்காக 1,250 வீடுகள் இடிக்கப்பட்டு, 11,000க்கும் மேற்பட்டோர் குடியிருப்பை இழந்தார்கள். அந்தத் துறைக்கு ஏகபோகம் கிடையாது. நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்றே அதன் பலம். அதோடு, 1799ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு விதி ஒளிந்திருந்தது. ஆற்றுத் தோணிக்காரர்களைச் சமாதானப்படுத்த, துறைக்குள் வந்துபோகும் தோணிகளுக்குக் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஏகபோகம் இருந்தபோது அது யாரையும் பாதிக்கவில்லை. ஏகபோகம் போனதும், கப்பலிலிருந்து சரக்கைத் தோணியில் இறக்கி, துறையின் கிடங்குகளைத் தொடாமலேயே பழைய நகரக் கரையின் கிடங்குகளுக்குக் கொண்டுபோவது வழக்கமாயிற்று. கப்பல்துறை நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தன, ஈவைக் குறைத்தன. வெஸ்ட் இந்தியா நிறுவனமும் கிழக்கிந்தியக் கப்பல்துறை நிறுவனமும் 1838இல் ஒன்றாக இணைந்தன. தண்ணீர் அப்படியே இருந்தது, கிடங்குகளும் இருந்தன. குறைந்தது சலுகைதான், அதனோடு வருமானமும் குறைந்தது.

அதற்குப் பிறகான நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். நீராவிக் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, ஆழமான துறைகள் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்தன: 1855இல் ராயல் விக்டோரியா, 1880இல் ராயல் ஆல்பர்ட், 1886இல் டில்பரி. போட்டியில் நலிந்த நிறுவனங்களை 1909இல் லண்டன் துறைமுக ஆணையம் என்ற பொது அமைப்பு எடுத்துக்கொண்டது. கேனரி வார்ஃப் என்ற பெயர் 1930களில் வந்தது. கேனரித் தீவுகளிலிருந்து வரும் பழங்களுக்காக வெஸ்ட் இந்தியா டாக்ஸில் கட்டிய கிடங்கின் பெயர் அது. 1960களில் கண்டெய்னர் வந்தது. பெட்டியை அப்படியே லாரியிலும் ரயிலிலும் ஏற்றிவிடலாம் என்றான பிறகு, நகரத்தின் நடுவே குறுகலான நீர்வாயில்களுக்குள் கப்பலைக் கொண்டுவரத் தேவை இல்லை. 1967இல் கிழக்கிந்தியக் கப்பல்துறை மூடப்பட்டது. 1980இல் வெஸ்ட் இந்தியாவும், 1981இல் ராயல் துறைகளும் மூடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் கிழக்கு லண்டனின் தலைமுறைத் தொழில் ஒன்று இல்லாமல் போனது. ஆற்றங்கரை என்பதே மதிப்பு தரும் என்றால், அந்த ஆண்டுகளில் இந்த நிலத்துக்குக் கேட்பாரற்ற நிலை வந்திருக்காது.

இரண்டாம் முறை 1981இல் தொடங்கியது. அன்றைய அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் முன்னின்று, லண்டன் டாக்லாண்ட்ஸ் வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்களிடமிருந்து கட்டட அனுமதி தரும் அதிகாரம் அந்தக் கழகத்தின் கைக்கு மாறியது. 1982இல் ஐல் ஆஃப் டாக்ஸ் 10 ஆண்டுகளுக்குத் தொழில் ஊக்க மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கட்டும் வணிகக் கட்டடத்துக்கு அந்தக் காலம் முழுவதும் உள்ளாட்சிச் சொத்து வரி இல்லை. கட்டடச் செலவு முழுவதையும் வரிக்குரிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அனுமதி நடைமுறையும் எளிது. முன்பு சர்க்கரைக்கு 21 ஆண்டு, இப்போது அலுவலகத்துக்கு 10 ஆண்டு. முதலில் வந்தவை சிறு தொழிற்கூடங்களும் அச்சகங்களும்தான். அங்கே பெரிய அளவில் நிதி அலுவலகங்கள் கட்டும் யோசனை 1985இல் அமெரிக்கரான வேர் டிராவல்ஸ்டெட் வழியாக வந்தது. 1987இல் அந்தத் திட்டத்தை, டொரன்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒலிம்பியா அண்டு யார்க் நிறுவனத்தின் பால் ரைக்மன் ஏற்றார். சீசர் பெல்லி வடிவமைத்த 50 மாடிக் கோபுரம் 235 மீட்டர் உயரத்தில், அன்றைய பிரிட்டனின் மிக உயரமான கட்டடமாக 1991இல் எழுந்து நின்றது.

ரைக்மனின் கணக்கில் நியாயம் இருந்தது. 1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் ஒரே நாளில் நீங்கின. வெளிநாட்டு வங்கிகள் தரகு நிறுவனங்களை வாங்கின. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வணிகம் செய்யும் அகன்ற தளங்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. இங்கிலாந்து வங்கியைச் சுற்றி ஒரு சதுர மைலில் அடங்கிய பழைய வணிக நகரமான சிட்டியில், குறுகிய தெருக்களும் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களும் அதற்கு இடம் தரமாட்டா என்று அவர் நம்பினார். சிட்டியின் நகராட்சி சும்மா இருக்கவில்லை. கிழக்கே கிளம்பிய போட்டியைக் கண்டதும் 1986இல் தன் கட்டட விதிகளைத் தளர்த்தியது. ஒரே மனையில் முன்பைவிடக் கூடுதல் பரப்புக் கட்டலாம் என்றது. பழைய பிராட் ஸ்ட்ரீட் ரயில் நிலைய நிலத்தில், அகன்ற தளங்களோடு பிராட்கேட் வளாகம் எழுந்தது. எது இல்லை என்று எண்ணிப் புதிய கரையைக் கட்டத் தொடங்கினார்களோ, அதையே பழைய நகரம் கட்டிக் கொடுத்துவிட்டது. 1990க்குள் லண்டன் முழுவதும் அலுவலகப் பரப்பு தேவைக்கு மேல் பெருகியது. பொருளாதார மந்தமும் சேர்ந்து வாடகை சரிந்தது. செயின்ட் கேதரின் கப்பல்துறை 1828இல் செய்ததைப் பிராட்கேட் ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் செய்தது.

1992 மே மாதத்தில் ஒலிம்பியா அண்டு யார்க் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. கேனரி வார்ஃப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. சொத்து வரிச் சலுகையின் 10 ஆண்டுக் கெடு முடிந்ததும் அதே ஆண்டில்தான். அந்த நேரத்தில் அங்கே போக இருந்த வழி என்ன? 1987இல் திறந்த டாக்லாண்ட்ஸ் இலகு ரயில்; அதுவும் சிறு தொழிற்கூடங்களை மனத்தில் வைத்துக் குறைந்த செலவில் போட்ட பாதை. லைம்ஹவுஸ் சாலைச் சுரங்கம் திறக்க இன்னும் ஓராண்டு இருந்தது. ஜூபிலி சுரங்க ரயில் தடத்தை நீட்டிக்க ரைக்மன் 40 கோடி பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நிறுவனம் விழுந்ததும் அந்தப் பணியும் நின்றது. வளாகத்தை எடுத்துக்கொண்ட வங்கிகள் அந்தப் பங்கை ஏற்ற பிறகே 1993இல் தோண்டத் தொடங்கினார்கள். ரைக்மன் 1995இல் புதிய கூட்டாளிகளோடு வந்து 80 கோடி பவுண்டுக்கு வளாகத்தைத் திரும்ப வாங்கினார். 1999இல் நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் வடிவமைத்த ஜூபிலி நிலையம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எச்.எஸ்.பி.சி., சிட்டி குரூப் போன்ற வங்கிகளின் கோபுரங்கள் வரிசையாக எழுந்தன. வரிச்சலுகைக் கெடு முடிந்த ஆண்டிலேயே சரிந்த இடம், ரயில் வந்ததும் நிமிர்ந்தது.

இதற்கு எதிராக வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது: 1992இன் வீழ்ச்சிக்குக் காரணம் உலகளாவிய மந்தநிலை, பாதையைக் குறை சொல்வது தவறு. மந்தநிலை எல்லோரையும் அடித்தது உண்மைதான். ஆனால் மந்தநிலை ஒரு சந்தையின் எல்லா இடங்களையும் ஒரே அளவில் அடிப்பதில்லை. வாடகை விழும்போது குத்தகைதாரருக்குத் தேர்வு கூடுகிறது. கிழக்கே போனால் கிடைத்திருக்கும் மலிவு வாடகை நகரின் நடுவிலேயே கிடைக்கும்போது, அங்கிருந்து நகர அவருக்குக் காரணம் இல்லை. எளிதில் போய்ச்சேர முடியாத இடம்தான் முதலில் காலியாகும். இரண்டாவது வாதம்: சலுகை இல்லாவிட்டால் அங்கே யாருமே வந்திருக்க மாட்டார்கள், தூண்டிவிடுவதுதான் அதன் வேலை, அதைச் செய்துவிட்டது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் தூண்டுதலுக்கு ஒரு விலை இருந்தது. வரிச்சலுகைக் கெடுவுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரமே, ரயிலுக்கு முன்பே கட்டடம் எழக் காரணமாயிற்று. முதலில் பாதை, பிறகு கட்டடம் என்ற வரிசை தலைகீழானதால் வந்த இழப்பைக் கடன் கொடுத்த வங்கிகளும் பங்காளிகளும் சுமந்தார்கள்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: பாழ்பட்டுக் கிடந்த நிலத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் இடம் உருவாகியிருக்கிறது, பொதுப்பணம் வீணாகவில்லை என்பது. வீணாகவில்லை என்பது சரி. யாருக்குப் போய்ச்சேர்ந்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஜூபிலி நீட்டிப்புக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 350 கோடி பவுண்டு. நில உரிமையாளர்கள் தர ஒப்புக்கொண்டது 40 கோடி. மீதியைத் தந்த பொதுமக்களின் பணத்தால் பக்கத்து நிலங்களின் மதிப்பு உயர்ந்தது; அந்த உயர்வு பெரும்பாலும் தனியார் கணக்கில் சேர்ந்தது. கப்பல்துறையில் வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வங்கி மேசைகளில் இடம் கிடைப்பது அரிது. 1820களில் செயின்ட் கேதரினில் நில உரிமையாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது, குடித்தனக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலத்தை வைத்திருப்பவருக்கு ஒரு நியாயம், அதில் வாழ்ந்தவருக்கு வேறொன்று என்ற வழக்கம் இரண்டு முறையும் தொடர்ந்திருக்கிறது.

அண்மைக்காலமும் இந்த வாதத்தையே உறுதிப்படுத்துகிறது. 2023இல் எச்.எஸ்.பி.சி. தன் கோபுரத்தை விட்டு, செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே அதைவிடச் சிறிய கட்டடத்துக்குப் போவதாக அறிவித்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பரவியதும், சிட்டியில் புதிய உயர்ந்த கட்டடங்கள் எழுந்ததும் சேர்ந்து, பழைய நகரம் மறுபடியும் ஆட்களை இழுத்தது. ஆனால் 2022இல் எலிசபெத் ரயில் தடம் திறந்து, கேனரி வார்ஃபிலிருந்து மேற்கு லண்டனுக்கும் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நேர் வழி கிடைத்திருந்தது. 2025 நவம்பரில் ஜே.பி. மோர்கன் வங்கி அங்கேயே சுமார் 30 லட்சம் சதுர அடியில் புதிய கோபுரம் கட்டும் திட்டத்தை அறிவித்தது. ஒருவர் போகிறார், இன்னொருவர் வருகிறார். மூன்று ரயில் தடங்கள் கூடும் இடம் என்பதால்தான் அந்த நிலம் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது.

இது லண்டனோடு முடியும் கதை இல்லை. கொழும்பின் காலிமுகத் திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி 269 ஹெக்டேர் நிலம் உருவாக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துறைமுக நகரத்துக்கென 2021இல் இயற்றிய தனிச்சட்டம், பல பத்தாண்டுகளுக்கு நீளக்கூடிய வரிவிலக்குக்கு வழி செய்கிறது. லண்டனின் 21 ஆண்டையும் 10 ஆண்டையும் அறிந்தவர் அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. விலக்கு முடியும் நாளில் ஒரு நிறுவனம் அங்கே தங்க என்ன காரணம் மிஞ்சும்? கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் இருக்கும் பழைய அலுவலகங்கள் வாடகையைக் குறைத்தால் புதிய கரை எதைக் காட்டி எதிர்கொள்ளும்? நாள்தோறும் வேலைக்கு வருபவர் எந்த ரயிலில், எந்தப் பேருந்தில் வருவார்? நில மதிப்பு உயர்ந்தால் அதில் ஊருக்கு எவ்வளவு பங்கு? இவற்றுக்கான விடைகளைக் கட்டடம் எழும்பும் முன்பே எழுதி வைக்கும் நகரம், சலுகைக்குக் கொடுத்த விலையைத் திரும்பப் பெறும். எழுதி வைக்காத நகரத்தில் அந்த விலையைக் கட்டுபவர்கள், அங்கே ஒரு சதுர அடிகூட வாடகைக்கு எடுக்க முடியாத மக்கள்தான்.