மூன்றாவது இருக்கை

1971 ஜூன் 30, அதிகாலை. சோயுஸ் 11 கஜகஸ்தானில் பாராசூட்டில் பிசகில்லாமல் வந்து இறங்கியது. மீட்புக்குழு கதவைத் திறந்தால், தப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் மூவரும் இருக்கையிலேயே அசைவில்லாமல் இருந்தார்கள். சல்யூத் நிலையத்தில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள்.

நடந்தது இதுதான். விண்கலத்தின் முன்பகுதியைக் கழற்றிவிடும் வெடிபோல்ட்டுகள் வரிசையாக வெடிப்பதற்குப் பதில் ஒரே நேரத்தில் வெடித்தன. அந்த அதிர்ச்சியில், தரையை நெருங்கும்போது மட்டும் திறக்கவேண்டிய ஒரு காற்று வால்வு சுமார் 168 கி.மீ. உயரத்திலேயே திறந்துகொண்டது. கையால் மூட வழி இருந்தது. ஆனா, மூடி முடிக்கும் வரைக்கும் நினைவு தாங்காது.

பெரும்பாலும் கதையை வால்வோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. மூவருமே அழுத்த உடை போட்டிருக்கவில்லை. உடையோடு மூணு பேர் அந்த கேபினில் அடங்க மாட்டாங்க, அவ்வளவுதான். 1964ல் வாஸ்கோத் 1ம் இதே கணக்கில்தான் மூவரை உடையில்லாமல் கொண்டுபோனது. அதில் ஒருவரான ஃபியக்திஸ்தவ் அந்தக் கலத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவர்! பத்திரமாகத் திரும்பினார்கள். அந்த வெற்றியே பிறகு சான்றாகிவிட்டது. "இத்தனை நாள் ஓடிட்டுதானே இருக்கு" என்று டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் பண்ணுகிற நம்ம ஆபீஸ் வாதம்தான். (நானும் சொல்லியிருக்கிறேன்.)

பிறகு சோகோல் அழுத்த உடை வந்தது. அதற்கும் அதன் பிராணவாயு சாதனங்களுக்கும் இடம் வேண்டுமே? மூன்றாவது இருக்கையை எடுத்துவிட்டார்கள். சோயுஸில் மறுபடி மூவர் பறந்தது 1980 நவம்பரில்தான்.