டேங்கர் முதுகில் ஒரு வால்வு

முட்டைக்கு அடுத்தபடி நாமக்கல்லைத் தாங்குவது லாரி. அதிலும் சமையல் எரிவாயு டேங்கருக்கு இந்த ஊர்தான் தலைமையிடம். தென்மண்டல டேங்கர் உரிமையாளர் சங்கம் இங்கிருந்துதான் இயங்குகிறது. மங்களூரிலும் கொச்சியிலும் லோடு ஏற்றிப் போகும் அந்த வண்டிகளின் முதுகில் ஸ்பிரிங் வைத்த பாதுகாப்பு வால்வு உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடந்தால், சாலையில் ஒரு தடவைகூடத் திறக்காமலே அதன் காலம் முடிந்துவிடும்.

வால்வு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது முதலில் காகிதத்தில் முடிவாகிறது. கணக்குப் போடுபவர் வெயிலை நினைப்பதில்லை. சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அது திறக்கவே கூடாது. அவர் நினைப்பது தீயை. தொட்டியைச் சுற்றி நெருப்புப் பிடித்தால் நொடிக்கு எத்தனை கிலோ திரவம் ஆவியாகும்? அத்தனைக்கும் வெளியேற வழி வேண்டும்.

18 டன் டேங்கரின் வெளிப்பரப்பு உத்தேசமாக 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பின் 0.82 அடுக்கை 70,900-ஆல் பெருக்கு என்கிறது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் சூத்திரம். விடை சுமார் 26 லட்சம் வாட். ஒரு கிலோவை ஆவியாக்க ஏறக்குறைய 300 கிலோஜூல் என்றால், நொடிக்கு 8.6 கிலோ. 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஒன்றின் வாயு இரண்டே நொடிக்குள் அந்தத் துளை வழியே போயாக வேண்டும். அடுக்கு ஏன் 0.82? தொட்டி பெரிதாகப் பெரிதாக, அதன் முழு உடம்பையும் தீ வளைத்துக்கொள்வது அரிது; பரப்பு இரட்டித்தால் வெப்பம் 1.77 மடங்குதான் ஆகும். அதே சூத்திரத்தில் 43,200 என்ற சிறிய எண்ணும் உண்டு. சிந்தியது வடிந்தோட வாய்க்காலும் தீயணைக்க ஆளும் உள்ள ஆலைகளுக்கு அது. தொப்பூர் கணவாயில் அதெல்லாம் ஏது?

பொருத்திய பிறகும் வால்வைச் சும்மா விடுவதில்லை. அழுத்தக் கலன்களுக்கான 1981 விதிகள் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை கேட்டன; அவற்றுக்குப் பதிலாக வந்த 2016 விதிகளும் அதையே கேட்கின்றன. வால்வைக் கழற்றி, குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா, பிறகு சரியாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்து மறுபடி பொருத்துகிறார்கள்.

வால்வே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில், கடற்கரை முகாம் ஒன்றின் அருகே அளவுக்கு மீறி புரொப்பிலீன் ஏற்றிய டேங்கர் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த டேங்கரில் பாதுகாப்பு வால்வே கிடையாது.

வால்வு இருந்தால் மட்டும் போதுமா? வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்று நம்பித்தான் மொத்தக் கணக்கும் போடப்படுகிறது. கவிழ்ந்தால், ஆவிப் பக்கம் இருக்க வேண்டிய வால்வு திரவத்துக்குள் மூழ்கிவிடக்கூடும். அப்போது திறந்தால் கொட்டுவது திரவம். அது ஏறத்தாழ 250 மடங்கு ஆவியாக விரியும். உட்புறம் திரவம் படாத தகட்டைத் தீ நக்கினால் இரும்பு இளகி, வால்வு திறந்திருக்கும்போதே தொட்டி கிழியலாம். 2012 ஆகஸ்ட் 27 அன்று கண்ணூர் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து, கசிந்த வாயு தீப்பிடித்து 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்த டேங்கரிலும் வாயு கசிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடிய ஓட்டுநரின் தூக்கத்துக்குச் சூத்திரத்தில் இடமில்லை. 2025 மார்ச்சில் டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாற்று ஓட்டுநர் இல்லாவிட்டால் அபராதம் என்ற நிபந்தனையும் சர்ச்சையில் இருந்தது. அவர்களின் செலவுக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டாவது ஓட்டுநரை வால்வைப் போலவே கட்டாயப் பாதுகாப்புச் சாதனமாகத்தான் கருத வேண்டும்.

வழியில் கவிழ்ந்த கேஸ் டேங்கரைக் கண்டால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், காற்று வரும் திசையை நோக்கி மேட்டுப் பக்கமாக விலகிப் போங்கள். தூரமாகப் போன பிறகு 101-க்கோ, எரிவாயுக் கசிவுக்கான 1906-க்கோ போன் செய்யுங்கள்.