250 என்றொரு வாக்குறுதி

2010 ஜனவரி 11, திங்கட்கிழமை. பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. சென்னையில் நாற்பது பேர் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ப்ரோகிராமர் என்றுதான் எடுத்தார்கள். மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போனதும், "உனக்குத்தான் லினக்ஸ் தெரியுமே" என்று அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று காலை ரிசப்ஷனிலிருந்து ஒரு போனை எனக்கு மாற்றினார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்.

"சார், டிரெயினிங்குக்கு வர்றேன்னு மூணு தடவ மெயில் அனுப்பிட்டேன் சார். எட்டாம் தேதிக்குள்ள சொல்லணும்னு லெட்டர்ல போட்டிருந்துச்சு. பதிலே வரல."

"அட்ரஸத் தப்பா அடிச்சிருப்பீங்க," என்றேன். லாகைப் பார்க்காமலேயே சொன்னேன்.

போனை வைத்தபின் பார்த்தேன். மூன்று மெயிலும் வந்திருந்தன. ஜனவரி 2, 4, 6. மூன்று வரிகளின் முடிவிலும் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே சொல்லை எழுதியிருந்தது: அனுப்பியாயிற்று. ஆனால் ஹெச்ஆரின் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. வந்ததற்குச் சாட்சி இருக்கிறது, வந்த கடிதம் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று தேடிய அந்த இரண்டு நாட்களில்தான் மின்னஞ்சலின் வரலாற்றை முதன்முதலாகப் படித்தேன். கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

*

மெயில் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி எஸ்எம்டிபி. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அதை ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக எழுதினார். பதில்கள் எல்லாம் எண்களில் இருக்கும். 4-ல் தொடங்கினால் 'இப்போ முடியாது, அப்புறம் வா'. 5-ல் தொடங்கினால் 'முடியவே முடியாது'. 250 என்றால் 'சரி'.

கடிதம் முழுதாக வந்து சேர்ந்தபின் சொல்லப்படும் அந்த 250-க்குத் தனி கனம் உண்டு. ரெஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவது மாதிரி. அந்த நொடியில் பொறுப்பு கைமாறுகிறது. அனுப்பிய சர்வர் தன் பிரதியை அழித்துவிடலாம். 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1123 இதை இன்னும் அழுத்திச் சொன்னது. 250 என்று சொன்னவர் அந்தக் கடிதத்தை அற்பக் காரணங்களுக்காகத் தொலைக்கக் கூடாது. பிறகு மெஷின் நின்றுபோனது, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இட நெருக்கடி, இவையெல்லாம் அந்த ஆவணத்தின் கணக்கில் அற்பக் காரணங்கள்தான். வழக்கமாக வறண்டு கிடக்கும் தொழில்நுட்ப ஆவணத்தில் இப்படி ஒரு நெறி எழுதப்பட்டிருப்பதை அன்றைக்கு இரண்டு முறை படித்தேன்.

இந்த வாக்குறுதி ஒரு சின்ன உலகத்துக்காகச் செய்யப்பட்டது. பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், ஒருவரை ஒருவர் ஓரளவு அறிந்தவர்கள். ஆனாலும் அந்த உலகத்துக்குள்ளேயே அடுத்த பிரச்சினை முளைவிட்டிருந்தது. அதை எழுதி வைத்தவரும் அதே போஸ்டல்தான். 1975 நவம்பரில் எழுதிய ஆர்எஃப்சி 706-க்கு அவர் வைத்த தலைப்பே குப்பைக் கடிதம் பற்றியது. ஒரு கணினி கோளாறாகியோ வேண்டுமென்றோ செய்திகளாகக் கொட்டினால், வாங்குகிற கணினிக்கு 'உன்னிடமிருந்து வேண்டாம்' என்று சொல்ல வழி இல்லையே என்பது அவர் கவலை. மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனின் மார்க்கெட்டிங் ஆள் கேரி துயர்க், புதிய கணினிகளின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்து ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிக்கான இடம் போதாமல் மீதி முகவரிகள் கடிதத்தின் உடலுக்குள் வழிந்தன.

1994 ஏப்ரலில் அரிசோனாவின் வக்கீல் தம்பதி கேன்டரும் சீகலும் கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் ஒட்டினார்கள். அதன்பிறகு பெருவெள்ளம்தான். 250 சொல்லி வாங்கும் ஒவ்வொன்றையும் மனிதனிடம் கொண்டு சேர்த்தால், மனிதன் மூழ்கிப்போவான். நடுவில் யாராவது பிரித்தெடுத்தாக வேண்டும்.

*

2001-ல் ஜஸ்டின் மேசன் என்ற ஐரிஷ்காரர் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் அந்த வேலைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன விதிகள். தலைப்பு முழுக்க கேப்பிட்டல் எழுத்தா? கொஞ்சம் புள்ளி. கடிதம் வெறும் ஹெச்டிஎம்எல்லாக மட்டும் இருக்கிறதா? இன்னும் கொஞ்சம். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம். எந்த விதிக்கு எத்தனை புள்ளி என்பதை ஒரு ஆள் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. தன்னார்வலர்கள் தங்கள் கடிதங்களை நல்லது, குப்பை என்று கையால் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் குவியல்களிலிருந்து புள்ளிகள் கணக்கிடப்பட்டன. யாருடைய கடிதங்கள் அந்தக் குவியலில் இல்லையோ அவர்கள் எழுதும் விதத்தை அந்தக் கணக்கு அறியாது.

இந்த வடிகட்டியை மெயில் சர்வரோடு சேர்ப்பதற்கு இன்னொரு பழைய யோசனை தயாராக இருந்தது. 1964-ல் பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்து ஹோஸ் பைப்பை மாட்டுவதுபோல ப்ரோகிராம்களை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ள வழி வேண்டும் என்று. 1973-ல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். ஒன்றின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடு. போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை ஒரு ஸ்கிரிப்டுக்குள் ஊற்றும், ஸ்கிரிப்ட் அதை ஸ்பேம்அசாசினுக்குள் ஊற்றும், புள்ளி போட்டு வெளியே வந்ததைத் திரும்ப மெயில் வரிசையில் சேர்க்கும். அவ்வளவுதான்.

ஆனால் பைப்பில் போவது கடிதம் மட்டுமே, பொறுப்பு போவதில்லை. அதற்குத் தனி வழி இருக்கிறது: ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண். 0 என்றால் வேலை முடிந்தது. பெர்க்லியில் மெயில் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்த எரிக் ஆல்மன், 1980 வாக்கில் இந்த முடிவு எண்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் 75 என்றால் 'தற்காலிகக் கோளாறு, கடிதத்தை வைத்திரு, மறுபடி முயற்சி செய்'. நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த எண்களைத்தான் நம்புகிறது. 0 வந்தால் தன் பிரதியை அழித்துவிட்டு லாகில் 'அனுப்பியாயிற்று' என்று எழுதிவிடும். ஸ்கிரிப்ட் நிஜமாகவே என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது.

*

எங்கள் ஸ்கிரிப்டைத் திறந்தேன். நாற்பது வரி இருக்கும். ஸ்பேம் என்று முத்திரை விழுந்தால் தனி ஃபோல்டரில் போடும் வரி ஒன்று இருந்தது. அதைக் கமென்ட் செய்து, கடிதத்தை எழுதாமலே 0 சொல்லி வெளியேறும்படி யாரோ மாற்றியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். அக்டோபரில் டிஸ்க் நிரம்பியபோது செய்தது. யாரும் அந்த ஃபோல்டரைத் திறப்பதில்லை, அப்புறம் எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியது.

சரி, அந்தப் பெண்ணின் கடிதம் ஏன் ஸ்பேம் ஆனது? வடிகட்டியின் லாக் தனியாக இருந்தது. கேப்ஸ் லாக் போட்டு அடித்த தலைப்பு, வெறும் ஹெச்டிஎம்எல். பிரௌசிங் சென்டரில் அவசரமாக அடிக்கும் எவரும் செய்வதுதான். இரண்டையும் கூட்டினாலும் 5 வராது. மூன்றாவதாக ஒரு விதி இருந்தது: கடிதத்தின் தேதி எதிர்காலத்தில் வெகுதூரம் இருக்கிறது என்று.

ஜனவரி 2, 2010. அனுப்பிய அன்றைய தேதிதான்.

இன்பாக்ஸில் எப்போதும் மேலே நிற்பதற்காக ஸ்பேம் அனுப்புகிறவர்கள் எதிர்காலத் தேதி போடுவதுண்டு. அதைப் பிடிக்க எழுதிய விதி, 2010 முதல் 2099 வரை எந்த வருஷம் வந்தாலும் சந்தேகப்பட்டது. எழுதிய காலத்தில் அது சரிதான். அன்றைய குவியலில் 2010 என்று தேதியிட்ட நல்ல கடிதம் எப்படி இருந்திருக்கும்? அதனால் கணக்கு அதற்குத் தாராளமாக மூன்றுக்கு மேல் புள்ளி கொடுத்திருந்தது. காலண்டர் புரண்டதும் உலகத்தின் எல்லாக் கடிதங்களும் பாதிக் குற்றவாளி ஆயின. திருத்தம் ஒரே ஒரு எழுத்து: 1 இருந்த இடத்தில் 2. வளர்ச்சிப் பதிப்பில் அது முன்பே திருத்தப்பட்டிருந்தது. புழக்கத்தில் இருந்த பதிப்புக்கு வந்து சேரவில்லை. புத்தாண்டில் விஷயம் வெடித்ததும் உடனே அப்டேட் வெளியிட்டார்கள். எங்கள் சர்வரில் அந்த அப்டேட்டை இறக்க வேண்டிய கிரான் வேலை ஓடவே இல்லை. அதைக் கவனித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

*

ஸ்பேம் என்று பட்டதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. 250 சொல்லி வாங்கியபின் திருப்பி அனுப்பலாம். ஆனால் ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய், சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும். இரண்டாவது, 250 சொல்வதற்கு முன்பே வடிகட்டி, 5-ல் தொடங்கும் எண்ணைச் சொல்லி மறுத்துவிடலாம். தப்பாகவே மறுத்தாலும் அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். இணைப்பு திறந்திருக்கும்போதே வடிகட்டி முடிக்க வேண்டும், சர்வருக்குச் சுமை அதிகம். மூன்றாவது, வாங்கி, ஒதுக்கி வைத்து, ஒரு மனிதர் அவ்வப்போது பார்ப்பது. நான் செய்தது இந்த மூன்றிலும் சேராது. வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். முகவரி தப்பு, பெட்டி நிரம்பிவிட்டது என்று ஏதாவது திரும்பி வந்திருந்தால் அந்தப் பெண் மூன்றாம் தேதியே போன் செய்திருப்பார்.

மேனேஜரிடம் சொன்னேன். ஒன்பதாம் தேதியே அந்த இடத்துக்குப் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம். "சர்வர் ப்ராப்ளம்னு சொல்லிடுப்பா," என்றார். பன்னிரண்டாம் தேதி மாலை நானே அழைத்தேன்.

"அட்ரஸ் சரியாத்தாம்மா போட்டிருக்கீங்க. மூணு மெயிலும் வந்துச்சு. எங்க பக்கம்தான் தொலைச்சிட்டோம். நான் எழுதின ப்ரோகிராம்ல தப்பு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்போ சீட்டு சார்?"

போயிடுச்சும்மா என்றேன். அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவே ஸ்கிரிப்டை மாற்றினேன். ஸ்பேம் என்று பட்டது தனி ஃபோல்டருக்கு, வடிகட்டி தடுமாறினால் 75, மறுபடி வரிசையில் கடிதம் சேர்ந்தது உறுதியான பிறகே 0. அப்டேட்டையும் ஓட்டினேன். பொங்கல் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அந்த ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதன்பின் மூன்று கம்பெனி மாறிவிட்டேன், மெயில் இப்போது என் வேலையே இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சொந்த ஸ்பேம் ஃபோல்டரை ஒருமுறை மேலிருந்து கீழே உருட்டிப் பார்க்காமல் லேப்டாப்பை மூடுவதில்லை. முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் தலைப்பு இருந்தால் கட்டாயம் திறந்து பார்க்கிறேன்.